சந்தனச் சாயல் வெள்ளை: ஷேடு கார்டிலிருந்து கடைசிக் கோட்டு வரை

வீட்டுக்குள் பளீர் வெள்ளை வேண்டாம், சற்று மஞ்சளோ சந்தனமோ கலந்த வெள்ளை வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்களா? நல்ல முடிவு. பகலில் கண் கூசாது, தேக்குக் கதவோடும் மூங்கில் நாற்காலியோடும் ஒத்துப்போகும், சின்ன அறையும் இருண்டு தெரியாது. ஆனால் பெயிண்ட் கடையில் அதிகம் ஏமாற்றக்கூடிய நிறக் குடும்பம் இதுதான். அடர் நீலத்தில் ஒரு துளி நிறமி கூடினால் யாருக்கும் தெரியாது. வெள்ளையில் கூடினால் சுவர் முழுக்கத் தெரியும். சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு இந்த வேலையை முடிப்பதற்குள் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்து, ஒப்பந்தக்காரரோடு வாதாடித் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகத் தருகிறேன். உங்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும். தமிழ்நாட்டு வீடுகளையும் வெயிலையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

1. ஷேடு கார்டைத் தொடும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

ஈரம் உள்ள சுவரில் எந்த வெள்ளையும் நிற்காது. அதிலும் இந்த வெளிர் நிறங்களில் நீர்க்கறை பழுப்பு வளையமாகத் தெரியும். மேலே எத்தனை கோட்டு அடித்தாலும் கறை மறுபடி வெளியே வரும். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர், ஜன்னலுக்குக் கீழ்ப்பகுதி, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள மூலைகள், தரைத்தளமானால் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை: இந்த இடங்களைத் தனியாகப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உப்பு பூத்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்று பொருள். சந்தேகமான இடத்தில் ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் நீர் கோத்திருந்தால் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள். பிளம்பரையோ, நீர்க்கசிவு சரிசெய்பவரையோ கூப்பிடுங்கள்.

அடுத்து, பழைய பூச்சு என்ன என்று பாருங்கள். ஈரக் கையால் சுவரைத் தேய்த்தால் கையில் மாவு போல ஒட்டுகிறதா? அப்படியானால் அது சுண்ணாம்போ, டிஸ்டெம்பர் என்ற மலிவான பொடிப் பூச்சோதான். அதன் மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) அடித்தால், கீழே உள்ள பொடியோடு சேர்ந்து தோல் தோலாக உரிந்து வரும். முழுவதும் சுரண்டத்தான் வேண்டும். "மேலேயே அடித்துவிடலாம், ஒன்றும் ஆகாது" என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பழைய வீடாக இருந்து கதவு, ஜன்னல்களில் பல காலத்து எனாமல் பெயிண்ட் இருந்தால், உலர்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்க வேண்டாம்.

புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவர் என்றால் குறைந்தது 28 நாட்கள் காய விடுங்கள். மழைக்காலத்தில் அதற்கு மேலும்.

2. நிறத்துக்கு முன் விளக்கை முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் நிறத்தில் பாதியை உங்கள் பல்புதான் தீர்மானிக்கிறது.

எல்இடி விளக்குப் பெட்டியின் மேல், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவை அச்சிட்டிருப்பார்கள். 6500 கெல்வின் என்பது நம் வீடுகளில் வழக்கமாக எரியும் நீலம் கலந்த வெள்ளை டியூப்லைட். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். 4000 இரண்டுக்கும் நடுவே. நீங்கள் ஆசையோடு தேர்ந்தெடுத்த சந்தன வெள்ளை, 6500 கெல்வின் விளக்கின் கீழ் சோர்ந்த சாம்பலாகவோ லேசான பச்சையாகவோ மாறிவிடும். அதே சுவர் 3000 கெல்வினில் கூடுதல் மஞ்சளாகத் தெரியும். எனவே மாலையில் எந்த விளக்கில் உட்காரப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த பல்பை வாங்கி மாட்டிய பிறகுதான் சாம்பிள் பார்க்க வேண்டும். என் கருத்தில், இந்த நிறத்துக்கு 4000 கெல்வின் பாதுகாப்பான தேர்வு. கூடத்தில் டியூப்லைட்டும் மஞ்சள் பல்பும் கலந்து எரிய விடுவீர்கள் என்றால், இரண்டும் எரியும்போதும் தனித்தனியாக எரியும்போதும் பாருங்கள்.

பகல் வெளிச்சம் இன்னொரு கதை. "வடக்குப் பார்த்த அறை நீலமாகத் தெரியும், அதற்கு மஞ்சள் கூடுதலான வெள்ளை அடியுங்கள்" என்று மேல்நாட்டு அலங்காரப் பத்திரிகைகளில் எழுதுவார்கள். சூரியன் எப்போதும் தெற்கிலேயே இருக்கும் ஊர்களுக்கு அது சரி. சென்னையில் ஏறத்தாழ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. கோடையில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். நம் வீடுகளில் மேற்குச் சுவர்தான் கவனிக்க வேண்டியது. மாலை நான்கு மணி வெயில் எந்த வெள்ளையையும் ஆரஞ்சாக்கிவிடும்; அந்த அறைக்கு மஞ்சள் குறைவான ஷேடு போதும்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கிளிப்பச்சையோ ரோஜா நிறமோ அடித்திருந்தால், வெயில் பட்டு அந்த நிறம் உங்கள் சுவருக்கு வரும். மாமரம் நிழல் தரும் அறையில் பச்சை வரும். செம்மண் நிறத் தரை, ஆத்தங்குடிக் கல், சிவப்பு ஆக்சைடு தரை உள்ள வீட்டில் சுவரின் கீழ்ப்பாதி சிவக்கும். இவற்றை மாற்ற முடியாது, ஆனால் ஷேடு தேர்வில் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். சிவந்த தரைக்குப் பீச் சாயல் வெள்ளை வேண்டாம். மஞ்சள் சாயல் எடுங்கள்.

3. சாயலைக் கண்டுபிடியுங்கள்

ஷேடு கார்டில் பார்த்தால் எல்லாம் வெள்ளையாகவே தெரியும். சாயலைக் காண எளிய வழி: ஜெராக்ஸ் கடையில் பயன்படுத்தும் வெள்ளை ஏ4 தாள் ஒன்றை எடுத்துப் போய் ஒவ்வொரு ஷேடின் பக்கத்திலும் வையுங்கள். எது மஞ்சள், எது பீச், எது பச்சை கலந்த சாம்பல் என்பது உடனே பிரிந்து தெரியும். அதே பட்டையில் கீழே வரும் அடர் நிறங்களையும் பாருங்கள். கடைசி நிறம் கடுகு மஞ்சளாக இருந்தால் உங்கள் வெள்ளையும் அந்தப் பக்கம்தான் சாயும். கடைசி நிறம் செங்கல் நிறமானால், சுவர் முழுக்க அடித்ததும் பீச் எட்டிப் பார்க்கும்.

எல்ஆர்வி என்ற எண்ணையும் கேளுங்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் அளவு அது. சந்தனச் சாயல் வெள்ளைக்கு 75 முதல் 85 வரை சரியாக இருக்கும். அதற்குக் கீழே போனால் க்ரீம், பிஸ்கட் நிறங்களாகிவிடும். வெளிச்சம் குறைந்த அறையில் அழுக்கு போலத் தோன்றும்.

இணையத்தில் மிகவும் கொண்டாடப்படும் அலபாஸ்டர், ஒயிட் டவ் போன்ற பெயர்கள் அமெரிக்க நிறுவனங்களின் ஷேடுகள். படத்தைக் காட்டி "இதைப் போல" என்று கேட்டால், கடைக்காரர் தன்னிடம் உள்ள ஏதோ ஒன்றைத்தான் தருவார். கைப்பேசித் திரையில் தெரியும் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். "ஆஃப் ஒயிட் கொடுங்கள்" என்றும் கேட்காதீர்கள். அந்தப் பெயரில் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு நிறம் இருக்கிறது. ஷேடின் எண்ணை மட்டுமே பேசுங்கள்.

4. சாம்பிள் அடிக்காமல் பெரிய டப்பா வாங்காதீர்கள்

மூன்று ஷேடுகளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் போனால் குழப்பம். சில நிறுவனங்களிடம் 200 மில்லி சாம்பிள் டப்பா உண்டு. இல்லையென்றால் ஒரு லிட்டர் வாங்கத்தான் வேண்டும். மலிவான வகை என்றால் லிட்டர் 150 முதல் 250 ரூபாய், உயர்வகை என்றால் 400 முதல் 700 ரூபாய் வரை ஆகும். பணம் வீண் என்று தோன்றும். வீடு முழுக்க அடித்துவிட்டு மாற்றுவதற்கு ஆகும் செலவை யோசியுங்கள்.

சாம்பிளைப் பழைய நிறத்தின் மேல் நேரடியாக அடித்தால் பலன் இல்லை. சுற்றியுள்ள பச்சையோ நீலமோ கண்ணைத் திசை திருப்பும். இரண்டடிக்கு இரண்டடி கெட்டி அட்டையில் வெள்ளை பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட்டு, மேலே பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்து நன்றாகக் காய விடுங்கள். ஈரப் பெயிண்டின் நிறமும் காய்ந்த பெயிண்டின் நிறமும் ஒன்றாக இருக்காது. அட்டையை ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், ஜன்னலை ஒட்டிய சுவர், அறையின் இருண்ட மூலை என்று இடம் மாற்றி வையுங்கள். காலை, நண்பகல், மாலை, விளக்கு போட்ட பிறகு என நான்கு வேளையும் பாருங்கள். தரைக் கல் துண்டு, திரைச்சீலைத் துணி, மர அலமாரி ஆகியவற்றின் பக்கத்திலும் வைத்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு கண்ணி உண்டு. நம் ஸ்விட்ச் பலகைகள், யுபிவிசி ஜன்னல்கள், பால்ஸ் சீலிங் எல்லாம் நீலம் கலந்த பளீர் வெள்ளை. அவற்றின் அருகே சந்தன வெள்ளை மங்கித் தெரியும். "துவைக்காத வேட்டி மாதிரி இருக்கிறதே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மேற்கூரைக்கு மட்டும் பளீர் வெள்ளை அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சுவருக்கு அடிக்கும் அதே ஷேடைப் பளபளப்பு இல்லாத மேட் வகையில் கூரைக்கும் அடித்தால் அறை ஒன்றுபட்டு நிற்கும்.

5. வகையும் பளபளப்பும்

டிஸ்டெம்பர் மலிவு, ஆனால் துடைக்க முடியாது. வெளிர் நிறத்துக்கு அது சரிவராது. எமல்ஷன்தான் எடுக்க வேண்டும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மேட் அல்லது லேசான பளபளப்பு போதும். பளபளப்பு கூடக்கூடச் சுவரின் மேடு பள்ளம் எல்லாம் வெட்டவெளிச்சமாகும். சமையலறை, பூஜை அறை, குழந்தைகள் கை படும் நடைபாதை ஆகியவற்றுக்குத் துடைக்கக்கூடிய உயர்வகை எமல்ஷன் வாங்குங்கள். விளக்குப் புகையும் தாளிப்பு எண்ணெயும் இந்த நிறத்தை முதலில் பிடிக்கும். கதவு, ஜன்னல்களுக்கு இதே நிறத்தில் எண்ணெய் எனாமல் அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; வெளிச்சம் படாத இடங்களில் அது நாளடைவில் மஞ்சளாகிவிடும். தண்ணீர் கலக்கும் எனாமல் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள்.

6. அளவும் செலவும்

பெயிண்டர் சொல்லும் அளவை அப்படியே ஏற்காதீர்கள். 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி. நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி; உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் 403. உள்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு 100 முதல் 140 சதுர அடி வரை வரும். 120 என்று வைத்தால் சுமார் மூன்றரை லிட்டர். கூரை 120 சதுர அடிக்கு இன்னொரு லிட்டர்.

இங்கே கவனியுங்கள். மெஷினில் நிறம் கலப்பதற்கான பேஸ் (நிறமி சேர்க்காத அடிப்படைப் பெயிண்ட்) டப்பாக்கள் முழு அளவில் வராது. நிறமிக்கு இடம் விட்டு 4 லிட்டர் டப்பாவில் 3.6, 20 லிட்டர் டப்பாவில் 18 என்று இருக்கும். லேபிளில் உள்ள எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். நிறம் கலந்த டப்பாவைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். அதற்குப் பயந்து குறைவாக வாங்கிவிடவும் வேண்டாம். பாதியில் தீர்ந்து, பிறகு கலக்கி வாங்கும் டப்பா நூலிழை மாறினாலும் சுவரில் கோடு தெரியும். கணக்குக்கு மேல் பத்து சதவீதம் வாங்குவதே சரி.

பெயிண்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கடைக்காரர் சொல்லும் விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். பெயிண்டர் கூலி ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் இருக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். பெரும் செலவு பட்டி பார்ப்பதிலும் (மாவு பூசிச் சுவரைச் சமமாக்குவது) சுரண்டுவதிலும்தான் போகும். அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

7. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

வாடகை வீடு என்றால் முதல் தாள் வீட்டு உரிமையாளரின் சம்மதம். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும், எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடிப்பது இங்கே பரவலான வழக்கம். நீங்களே செலவழித்து அடிக்கிறீர்கள் என்றால், அந்தப் பிடித்தம் இருக்காது என்பதையும் அதே செய்தியில் வாங்கிவிடுங்கள். பிறகு பேசினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அடுக்குமாடியானால் சங்கத்திடம் வேலை நேரம், லிஃப்ட் பயன்பாடு பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள்.

அடுத்தது கொட்டேஷன். "இரண்டு படுக்கையறை வீடு, மொத்தம் இவ்வளவு" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். அதில் இருக்க வேண்டியவை:

- பெயிண்டின் நிறுவனம், முழுப் பெயர், ஷேடு எண், பளபளப்பு வகை
- சுரண்டுவது, பட்டி எத்தனை கோட்டு, பிரைமர் எத்தனை கோட்டு, பெயிண்ட் எத்தனை கோட்டு
- சதுர அடிக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது. கதவு, ஜன்னல் கழிக்கப்படுகிறதா
- பொருள் யார் வாங்குவது, மிச்சம் யாருக்கு
- பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு

பொருளை நீங்களே வாங்குங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை. டப்பாவுக்குள் வரும் டோக்கனோ, ஸ்கேன் செய்யும் குறியோ பெயிண்டருக்குப் பரிசுப் புள்ளி சேர்க்கும். அது அவருக்கு உரியது, கொடுத்துவிடுங்கள். ஆனால் எந்தப் பெயிண்ட், எத்தனை டப்பா என்பதை அந்தப் புள்ளி தீர்மானிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒப்பந்தக்காரர் பொருள் வாங்கிய அறையில், கொட்டேஷனில் எழுதிய உயர்வகைக்குப் பதிலாக அதே ஷேடு எண்ணில் மலிவு வகை வந்து இறங்கியது. எண் ஒன்றாக இருந்தும் சுவரில் நிறம் ஒன்றாக வரவில்லை. தாளில் வகையின் பெயர் இருந்ததால்தான் திருப்பி அனுப்ப முடிந்தது.

கடையில் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி உண்டு என்றால் அதன் நிபந்தனைத் தாளையும் கேளுங்கள். எந்த பிரைமர், எத்தனை கோட்டு என்றெல்லாம் அதில் இருக்கும். டப்பா மூடியில் ஒட்டும் ஸ்டிக்கரில் ஷேடு எண், பேஸ், தேதி எல்லாம் இருக்கும். பாட்ச் எண் டப்பாவிலேயே அச்சாகி இருக்கும். திறப்பதற்கு முன் ஒவ்வொரு டப்பாவையும் படம் எடுங்கள். தகராறு வந்து கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் அங்கே பேச எதுவும் இருக்காது.

8. எப்போது தொடங்குவது

கடலோரத் தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நாட்களில் பட்டி காய மறுக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் நல்ல பெயிண்டர் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் நான்கு வீட்டு வேலையை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடுவார். பொங்கல் முடிந்த பிறகு, தை கடைசி முதல் பங்குனி வரை மிகச் சிறந்த காலம். சுவர் காய்ந்திருக்கும், ஆட்களுக்கும் அவசரம் இருக்காது. கத்திரி வெயிலில் அடிப்பதானால் காலையிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். மிக வேகமாகக் காய்ந்தால் ரோலர் தடம் நிற்கும்.

9. பூசும்போது அருகில் நின்று பார்க்க வேண்டியவை

பட்டி தேய்த்து முடிந்ததும், பிரைமருக்கு முன், இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். மேடு, பள்ளம், உப்புத்தாள் கீறல் எல்லாம் நிழலாகத் தெரியும். பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள், காலையில் சரிசெய்வார்கள். பெயிண்ட் அடித்த பிறகு கண்டுபிடித்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

ஒரே சுவருக்கோ கூடத்துக்கோ உள்ள எல்லா டப்பாக்களையும் ஒரு பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். மெஷின் கலந்ததாக இருந்தாலும் டப்பாவுக்கு டப்பா சிறு வேறுபாடு வரலாம். தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்பது டப்பாவிலேயே இருக்கிறது. அளவுக் குவளை ஒன்றைக் கொடுத்து, அதன்படி கலக்கச் சொல்லுங்கள். தண்ணீர் அதிகமானால் நிறம் மூடாமல் திட்டுத் திட்டாக வரும். பிறகு மூன்றாவது கோட்டுக்குக் கூடுதல் கூலி கேட்பார்கள்.

"மெஷின் எதற்கு, வெள்ளையில் ஸ்டெய்னர் ஊற்றி நானே கலக்கித் தருகிறேன்" என்று, நிறமிக் குப்பியோடு வருபவர்கள் உண்டு. கை தேர்ந்தவராகவே இருந்தாலும் சம்மதிக்காதீர்கள். அடுத்த வருடம் ஓர் ஆணி அடித்த ஓட்டையை மூட அந்த நிறம் திரும்பக் கிடைக்காது.

முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விடுங்கள், மழை ஈரம் இருந்தால் ஓர் இரவு. முதல் கோட்டு காய்ந்ததும் பயப்படாதீர்கள். அது எப்போதும் திட்டுத் திட்டாகவும் எதிர்பார்த்ததைவிட மஞ்சளாகவும்தான் தெரியும். பழைய சுவர் அடர் நிறமாக இருந்திருந்தால் பிரைமர் இன்னொரு கோட்டு கேளுங்கள். அது பெயிண்டைவிட மலிவு.

10. கணக்கு முடிக்கும் முன்

மொத்தத் தொகையில் பத்து முதல் இருபது சதவீதம் வரை கடைசித் தவணையாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு சுவரையும் ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை பார்த்து, குறைகளுக்குச் சிறிய மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டுங்கள். அவை சரியானதும் முழுப் பணத்தையும் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். நன்றாக வேலை செய்தவரைக் காக்க வைப்பது அழகல்ல.

மிச்சப் பெயிண்டில் தண்ணீர் கலக்காத பகுதியைக் காற்றுப் புகாத சிறிய டப்பாவில் ஊற்றி, ஷேடு எண்ணும் அறையின் பெயரும் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஷேடு எண்ணை அலமாரிக் கதவின் உட்புறத்திலும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஸ்டிக்கர் உரிந்துபோகும், கைப்பேசி மாறிவிடும். ஒரு மாதம் வரை சுவரைச் சோப்பு நீரால் துடைக்க வேண்டாம். காலண்டர் மாட்ட வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வாரம் பொறுங்கள்.